பர்மா அரிசியும் உளுந்தும்: அரசு ஏன் இப்படி முடிவெடுக்கிறது? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

ரங்கூனில் பயறு வியாபாரம் செய்கிற குடும்பத்தில் இருப்பதால் இரண்டு பக்கத்திலிருந்தும் கேள்வி வரும். தமிழ்நாட்டுச் சொந்தக்காரர்கள், "பர்மா உளுந்து ஏன் திடீரென்று ஏறுகிறது, இறங்குகிறது?" என்பார்கள். இங்கே பெகு, தாட்டோன் பக்கம் வயல் வைத்திருக்கும் நம் ஆட்கள், "நெல்லுக்கு நல்ல விலை வரும்போதெல்லாம் ஏற்றுமதியை நிறுத்திவிடுகிறார்களே, ஏன்?" என்பார்கள். இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. அதனால் சேர்த்தே எழுதுகிறேன்.

எடுத்த எடுப்பில் கேட்கிறேன். பர்மாவில் விவசாயக் கொள்கையை எது தீர்மானிக்கிறது?

இரண்டு பயங்கள். கஜானாவில் டாலர் தீர்ந்துவிடுமோ என்பது ஒன்று. நகரத்தில் அரிசி விலை ஏறி ஜனங்கள் தெருவுக்கு வந்துவிடுவார்களோ என்பது இன்னொன்று. கட்சி ஆட்சி, ராணுவ ஆட்சி, சோஷலிசம், சந்தைப் பொருளாதாரம் என்று பெயர்கள் மாறின. இந்த இரண்டு பயங்களும் மாறவில்லை. முதல் பயம் வந்தால் "அனுப்பு" என்று உத்தரவு வரும். இரண்டாவது வந்தால் "நிறுத்து" என்று வரும். இரண்டும் ஒரே வருடத்தில் வந்த காலமும் உண்டு. வயலில் நிற்பவனுக்கு எந்த உத்தரவு வந்தாலும் நஷ்டம்தான் என்பது என் அபிப்பிராயம். கீழே படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

பர்மா ஒரு காலத்தில் உலகிலேயே அதிகமாக அரிசி ஏற்றுமதி செய்த நாடு என்கிறார்களே, நிஜமா?

நிஜம். 1852இல் கீழ்ப் பர்மா வெள்ளைக்காரர் கைக்குப் போனது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐரோப்பாவுக்கு அரிசி அனுப்புவது சுலபமானதும், காடும் சதுப்புமாகக் கிடந்த ஐராவதிக் கழிமுகம் இரண்டு தலைமுறைக்குள் வயலாகிவிட்டது. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய வருடங்களில் ஏற்றுமதி வருடத்துக்குச் சுமார் 30 லட்சம் டன். அதில் பெரும்பகுதி இந்தியாவுக்கு வந்தது. மதராஸ் மாகாணத்தில் எத்தனையோ வீடுகளில் ரங்கூன் அரிசிதான் உலையில் வெந்தது.

பர்மிய உழவர்களோடு அறுவடைக்கும் ஆலைக்கும் மூட்டை தூக்கவும் ஆந்திரத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் ஆள் வந்தார்கள். முதல் போட்டது செட்டிநாடு.

செட்டியார்கள் நிலத்தைப் பிடுங்கினார்கள் என்று இன்றைக்கும் பர்மியர் சொல்கிறார்கள். எவ்வளவு உண்மை?

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

1930 வாக்கில் பர்மாவில் 1,600க்கும் மேற்பட்ட செட்டியார் வட்டிக்கடைகள் இருந்தன. வெள்ளைக்கார வங்கிகள் உழவனுக்குக் கடன் தரவில்லை. ஊரில் மற்றவர்கள் கேட்ட வட்டியைவிடச் செட்டியார் வட்டி குறைவு. நிலம் அடமானம். நெல் விலை நன்றாக இருக்கும்வரை இந்த ஏற்பாடு ஓடியது. பெரும்பாலான கடைக்காரர்களுக்கு நிலம் வேண்டியிருக்கவில்லை. வட்டியும் அசலும் வந்தால் போதும். பணம் சுழன்றால்தான் அவர்களுக்குத் தொழில்.

உலகப் பொருளாதார மந்தம் வந்தது. 1930 கடைசியில் நெல் விலை சரியத் தொடங்கிப் பாதிக்கும் கீழே போனது. கடனோ பழைய விலையில் வாங்கியது. கட்ட முடியவில்லை. அடமானம் வைத்த நிலம் கடைக்காரன் பெயருக்கு மாறியது. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் செட்டியார்களிடம் இருந்தது சாகுபடி நிலத்தில் 6 சதவீதம். 1937இல் அது 25 சதவீதம். ஏழே வருடத்தில் கால்வாசி நிலம் கை மாறியது என்றால், நிலத்தை இழந்தவன் மனதில் என்ன இருக்கும்? லண்டனிலும் நியூயார்க்கிலும் நடந்த வீழ்ச்சி அவனுக்குத் தெரியாது. கடைப் படியில் கணக்குப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த ஆளைத்தான் தெரியும்.

செட்டியார்கள் திட்டம் போட்டுப் பிடுங்கினார்கள் என்று சொன்னால் தப்பு. அவர்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று நம் பக்கத்தில் சிலர் சொல்வதும் எனக்கு ஒப்பவில்லை. வட்டியைத் தள்ளிவைத்து, விலை ஏறும்வரை காத்திருந்த கடைகள் இருந்தன; காத்திருக்காத கடைகளும் இருந்தன.

அரசு என்ன செய்தது? 1930 டிசம்பரில் சாயா சான் தலைமையில் உழவர் கிளர்ச்சி வெடித்தபோது அதை அடக்கத்தான் முதலில் ஓடியது. குத்தகைதாரரைக் காக்கவும், விவசாயி அல்லாதவர் கைக்கு நிலம் போவதைத் தடுக்கவும் சட்டங்கள் வந்து சேரும்போது 1930களின் கடைசியும் 1941உம் ஆகிவிட்டது. நிலம் கை மாறி முடிந்த பிறகு வந்த சட்டத்தால் யாருக்கு என்ன பிரயோஜனம்?

வங்கப் பஞ்சத்துக்கும் பர்மாவுக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்த அரிசி ஒரேயடியாக நின்றது. 1943 வங்கப் பஞ்சத்துக்குப் பல காரணங்கள். இது அவற்றில் ஒன்று. வேடிக்கை என்னவென்றால், அதே சமயம் கழிமுகத்தில் நெல் வாங்க ஆளில்லாமல் கிடந்தது. கப்பல் இல்லை, படகு இல்லை, முதல் போடுகிறவனும் கால்நடையாக அஸ்ஸாம் வழியே ஓடிவிட்டான். சாகுபடிப் பரப்பு ஏறக்குறைய பாதியாகச் சுருங்கியது. உணவுக்கு வெளிநாட்டை நம்பக் கூடாது என்று இந்தியாவும், விற்பனைக்கு வெளியாளை நம்பக் கூடாது என்று பர்மாவும் அந்த வருடங்களில்தான் பிடிவாதமாக முடிவுக்கு வந்தன.

சுதந்திரத்துக்குப் பிறகு அரசே நெல்லை வாங்கத் தொடங்கியது ஏன்?

1948இல் நில தேசியமயச் சட்டம் வந்தது. உள்நாட்டுச் சண்டையால் அது பெரும்பாலும் ஏட்டளவில் நின்றது. 1953இல் திருத்திய சட்டம் வந்த பிறகுதான் நிலம் பங்கிடப்பட்டது. செட்டியார்களுக்கு இழப்பீடு பெயரளவுக்கு. நிலத்தைவிட முக்கியமான மாற்றம் விற்பனையில் நடந்தது. அரசு வேளாண் விற்பனை வாரியம் உழவனிடம் நிர்ணய விலையில் வாங்கும். வெளிநாட்டில் கிடைக்கிற விலைக்கு விற்கும். நடுவில் நிற்கும் லாபம் அரசுக்கு.

1950இல் கொரியப் போர் மூண்டது. உலகில் அரிசி விலை தாவி ஏறியது. உழவனுக்குக் கொடுத்த விலை மட்டும் 100 கூடை நெல்லுக்கு (ஒரு கூடை சுமார் 21 கிலோ) 300 கியாட்டை (பர்மா நாணயம்) ஒட்டியே வருடக்கணக்கில் அப்படியே நின்றது. வித்தியாசம் முழுவதும் கஜானாவுக்கு. பிரதமர் ஊ நூ அரசின் பெரிய நலத்திட்டங்களெல்லாம் அந்தப் பணத்தை நம்பிப் போட்டவை. போர் 1953இல் முடிந்து விலை இறங்கியபோது அரசு கையில் விற்காத அரிசி தேங்கியது. பிறகு சோவியத் நாட்டோடும் கிழக்கு ஐரோப்பாவோடும் பண்டமாற்று. அரிசிக்குப் பதிலாகச் சிமென்ட் வந்து ரங்கூன் துறைமுகத்தில் குவிந்தது. அடுத்து வந்தது மழைக்காலம். மீதியைச் சொல்லத் தேவையில்லை.

நல்ல விலை வந்தபோது உழவனுக்குப் பங்கு கிடைக்கவில்லை என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள். இது திரும்பத் திரும்ப வரும்.

1962க்குப் பிறகு எங்கள் தாத்தா எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊருக்குக் கப்பல் ஏறினார். அது விவசாயக் கொள்கையோடு சேர்ந்ததா?

சேர்ந்ததுதான். 1962இல் ஆட்சியைப் பிடித்த ராணுவத் தளபதி நெ வின் காலத்தில் மொத்த வியாபாரம், சில்லறைக் கடை, வங்கி, ஆலை என்று எல்லாம் அரசுடைமையாகின. 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். கடையும் போய், பெட்டியில் இருந்த பணமும் போனால் யார் இருப்பார்கள்? லட்சக்கணக்கான இந்தியர்கள் கிளம்பினார்கள். சென்னையில் பர்மா பஜாரும், தமிழ்நாட்டுப் பல ஊர்களில் பர்மா காலனியும் அப்படி வந்தவைதான்.

அவர்களோடு போனது ஊர் ஊராக நெல் வாங்கி, படகில் ஏற்றி, ஆலையில் அரைத்து, நகரத்துக் கடை வரை கொண்டு சேர்க்கத் தெரிந்த வலைப்பின்னல். அரசு அலுவலகத்தால் அதை ஈடு செய்ய முடியவில்லை. கொள்முதல் விலை குறைவு என்பதால் உழவன் நெல்லை ஒளித்தான். 1967இல் ரங்கூனில் அரிசிப் பஞ்சம். அரக்கான் கரையிலுள்ள அக்யாப்பில் அரிசி கேட்டுத் தெருவுக்கு வந்தவர்கள் மேல் துப்பாக்கிச்சூடு. 1974இல் உணவுத் தட்டுப்பாட்டால் தொழிலாளர் வேலைநிறுத்தம், அதிலும் துப்பாக்கிச்சூடு. 1970களின் பிற்பாதியில் புது ரக நெல்லும் உரமும் கொண்டுவந்து விளைச்சலைக் கூட்டினார்கள், அதை மறுக்க முடியாது. ஆனால் 30 லட்சம் டன் ஏற்றுமதி செய்த நாடு 1988இல் ஒரு லட்சம் டன்கூட அனுப்பவில்லை.

1988 போராட்டத்துக்கும் அரிசிக்கும் என்ன தொடர்பு?

1987 செப்டம்பர் 1ஆம் தேதி நெல், பயறு முதலானவற்றின் வியாபாரக் கட்டுப்பாட்டை அரசு தளர்த்தியது. செப்டம்பர் 5ஆம் தேதி 25, 35, 75 கியாட் நோட்டுகள் செல்லாது என்றது. மாற்றித் தரவும் இல்லை. ஒரு கையால் வியாபாரத்தைத் திறந்துவிட்டு, மறு கையால் வியாபாரியின் முதலைப் பறித்த மாதிரி. அரிசி விலை ஏறியது. அந்த டிசம்பரில் ஐ.நா. பர்மாவை மிகக் குறைந்த வளர்ச்சியுள்ள நாடுகளின் பட்டியலில் சேர்த்தது. அடுத்த ஆகஸ்டில் நாடெங்கும் ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள், ராணுவம் சுட்டது. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு ஆட்சியாளர் மனதிலும் அரிசி விலை என்றால் 1988தான்.

அப்படியானால் உளுந்து வியாபாரம் மட்டும் எப்படிச் செழித்தது?

யாரும் அதைக் கவனிக்கவில்லை. அதுதான் காரணம் என்பேன்.

பர்மியர் தட்டில் உளுந்துக்கும் துவரைக்கும் பெரிய இடமில்லை. அவை விலை ஏறினாலும் மாந்தலேயில் ஊர்வலம் நடக்காது. அதனால் 1988க்குப் பிறகு அரசு பயறு வியாபாரத்தைத் தனியார் கையில் விட்டது. நெல்லைத் தன் பிடியிலேயே வைத்துக்கொண்டது. மழைக்கால நெல் அறுத்த பிறகு வயலில் மிஞ்சும் ஈரத்திலேயே உளுந்து விளைந்துவிடும். தண்ணீர் பாய்ச்ச வேண்டாம், உரம் அதிகம் வேண்டாம். பெகுவிலும் ஐராவதிப் பக்கமும் உளுந்து, வறண்ட நடுப் பகுதியான மாக்வே, சகாயிங் பக்கம் துவரை என்று பரப்பு பல மடங்கு பெருகியது. அரசு எந்தத் திட்டமும் போடவில்லை, மானியமும் தரவில்லை. வாங்க ஆள் இருந்தது, போதும்.

வாங்கியது யார் என்று கேட்கவே வேண்டாம். இட்லியும் வடையும் இருக்கிறவரை உளுந்துக்கு ஆள் இருக்கும். எஃப்.ஏ.க்யூ (சராசரித் தரம்), எஸ்.க்யூ (உயர் தரம்) என்று பிரித்து ரங்கூன் பயின்நௌங் சந்தையில் விலை பேசினால், சென்னைத் துறைமுகத்துக்குப் போகிற சரக்கின் விலை அங்கேயே தெரிந்துவிடும். இந்த வியாபாரத்தில் நம் ஆட்கள் இன்றைக்கும் கணிசமாக இருக்கிறார்கள். 1964க்குப் பிறகும் இங்கேயே தங்கிவிட்ட குடும்பங்கள் பலவற்றைத் தூக்கிவிட்டது பயறுதான்.

2017இல் உளுந்தும் துவரையும் ஏன் அப்படி விழுந்தன?

உள்ளூர் அரசு கவனிக்காத பயிரை வெளியூர் அரசு கவனித்துவிட்டது.

2014, 2015 இரண்டு வருடமும் இந்தியாவில் பருவமழை பொய்த்தது. துவரம்பருப்பு சில்லறை விலை கிலோ 200 ரூபாயைத் தொட்டது. டெல்லி பதறி இறக்குமதியை ஊக்குவித்தது, மொசாம்பிக்கோடு ஒப்பந்தம் போட்டது, தன் விவசாயிகளுக்கு ஆதரவு விலையைக் கூட்டியது. இந்த விலையைப் பார்த்து இங்கேயும் எல்லோரும் துவரையும் உளுந்தும் விதைத்தார்கள். 2016–17இல் மழை நன்றாகப் பெய்து இந்தியாவில் வரலாறு காணாத விளைச்சல். அங்கே விலை சரிந்தது, விவசாயிகள் கொதித்தார்கள். 2017 ஆகஸ்டில் இந்திய அரசு வருடத்துக்குத் துவரை 2 லட்சம் டன், உளுந்தும் பாசிப்பயறும் சேர்த்து 3 லட்சம் டன் என்று வரம்பு கட்டிவிட்டது. பர்மா விளைவிப்பது முழுவதுக்கும் அது காணாது. துவரை விலை பாதிக்கும் கீழே போனது. வறண்ட பகுதியில் எத்தனை பேர் அடுத்த போகம் விதைக்காமல் விட்டார்கள் என்பது கிட்டங்கி வைத்திருந்தவர்களுக்குத் தெரியும்.

இந்திய அரசைத் திட்டிப் பயனில்லை. அவர்கள் தங்கள் உழவனைப் பார்த்தார்கள். ஒரே நாட்டை நம்பி விளைவித்தது நம் பக்கத்துப் பலவீனம்.

இப்போது நிலைமை தேவலையா?

2021இல் பருப்பு விலை மறுபடி ஏறியதும் இந்தியா கதவைத் திறந்தது. வருடத்துக்கு உளுந்து 2.5 லட்சம் டன், துவரை 1 லட்சம் டன் என்று 2025–26 வரை ஐந்து வருட ஒப்பந்தமும் போட்டார்கள். அது உறுதி செய்த அளவுதான். அதற்கு மேலும் போனது. ஆனால் பிரேசிலில் இந்தியாவுக்கென்றே உளுந்து விதைக்கத் தொடங்கிவிட்டார்கள். நம் வியாபாரிகள் இதை லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அவ்வளவு லேசாகத் தெரியவில்லை.

காட்டாமணக்கு நடச் சொன்ன கதை நிஜமா?

சிரிக்காதீர்கள், நிஜம். 2005 கடைசியில் டீசல் இறக்குமதிக்கு டாலர் போதவில்லை. காட்டாமணக்கு விதையில் எண்ணெய் எடுத்து வண்டி ஓட்டலாம் என்று மேலிடத்தில் முடிவானது. ஒவ்வொரு மாநிலமும் பிரிவும் 5 லட்சம் ஏக்கர் நட வேண்டும் என்று உத்தரவு. வயல் வரப்பு, பள்ளிக்கூட வேலி, சாலையோரம் என்று எங்கும் நட்டார்கள். எண்ணெய் எடுக்க ஆலை இல்லை, விதையை வாங்க ஆளும் இல்லை. சில இடங்களில் குழந்தைகள் விதையைத் தின்று வயிற்றுப்போக்கில் விழுந்தது தவிர வேறு பலன் கண்டவர் அபூர்வம். டாலர் பயம் முற்றினால் விவசாயக் கொள்கை எந்த அளவுக்குப் போகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

சமையல் எண்ணெய் ஏன் இவ்வளவு விலை?

எள்ளும் கடலையும் விளைகிற நாட்டில் ஏழை வீட்டு எண்ணெய் மலேசியாவிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வரும் பாமாயில். தெற்கே தெனாசரிம் பக்கம் எண்ணெய்ப்பனை போட்டுத் தன்னிறைவு அடைவதாக 1999இல் திட்டம் தொடங்கினார்கள், இறக்குமதி நிற்கவில்லை. அதனால் கியாட் சரிந்தால் எண்ணெய் ஏறும். 2022 ஏப்ரல் கடைசியில் இந்தோனேசியா மூன்று வாரம் பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியபோதும் ஏறியது. நல்ல எள் வெளிநாட்டுக்குப் போகும், அந்தக் காசில் பாமாயில் வரும். கணக்குப்படி இது சரிதான். டாலர் கிடைக்காத வருடத்தில்தான் இடிக்கும்.

2003இல் அரசுக் கொள்முதலை நிறுத்தினார்களே, அதன் பிறகு நெல் உழவனுக்கு விடிவு வந்ததா?

அதுவரை ஏக்கருக்கு 10, 12 கூடை நெல்லைச் சந்தை விலையில் பாதிக்கு அரசுக்கு அளக்க வேண்டும். அந்த அரிசி அரசு ஊழியருக்கும் ராணுவத்துக்கும் போகும். 2003 ஏப்ரலில் அதை ரத்து செய்தார்கள். நல்ல முடிவு. ஆனால் 2004 ஜனவரியில் உள்ளூர் விலை ஏறியது என்று ஆறு மாதம் அரிசி ஏற்றுமதியைத் தடை செய்தார்கள். 2008இல் உலகச் சந்தையில் அரிசி டன் 1,000 டாலர் வரை போனபோது இங்கே நர்கீஸ் புயல் கழிமுகத்தையே துடைத்துவிட்டது.

2012க்குப் பிறகு சில நல்ல வருடங்கள். நாணய மாற்று விகிதத்தைச் சந்தையை ஒட்டிக் கொண்டுவந்தார்கள். ஐரோப்பா 2013இல் வரியில்லாமல் வாங்கத் தொடங்கியது. மூசே எல்லை வழியாகச் சீனாவுக்கும் போனது. 2017–18இல் ஏற்றுமதி 35 லட்சம் டன்னைத் தாண்டியது. 2019 ஜனவரியில் இத்தாலி விவசாயிகளின் புகாரால் ஐரோப்பா டன்னுக்கு 175 யூரோ வரி போட்டது. மறுபடி ஒரு கதவு அடைபட்டது.

2021இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு டாலரைக் கட்டாயமாக மாற்றச் சொன்னார்களே. வங்கி விஷயம் உழவனை எப்படித் தொடும்?

இதைத்தான் எல்லோரும் குழப்பிக்கொள்கிறார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

2022 ஆகஸ்டில் வந்த விதிப்படி ஏற்றுமதியாளர் தன் வருமானத்தில் 65 சதவீதத்தை அரசு விகிதத்தில், அதாவது டாலருக்கு 2,100 கியாட்டுக்கு மாற்ற வேண்டும். வெளிச் சந்தையில் டாலர் 3,000 என்று வைத்துக்கொள்வோம். ஒரு டன் உளுந்து 1,000 டாலருக்கு விற்றது என்றால், 650 டாலருக்கு 13,65,000 கியாட், மீதி 350 டாலருக்கு 10,50,000 கியாட். மொத்தம் 24,15,000. முழுவதையும் சந்தை விகிதத்தில் மாற்றியிருந்தால் 30 லட்சம். குறைந்தது 5,85,000, கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு.

இந்தக் குறைவை ஏற்றுமதியாளர் தன் தலையில் போட்டுக்கொள்வாரா? தரகரிடம் கேட்கும் விலையில் கழிப்பார். தரகர் ஊர் வியாபாரியிடம் கழிப்பார். ஊர் வியாபாரி களத்தில் கழிப்பார். களத்துக்குக் கீழே கழிக்க ஆள் கிடையாது. அதே உழவன் உரம், டீசல், பூச்சிமருந்து வாங்கப் போனால் அவையெல்லாம் வெளிச் சந்தை டாலர் விலையில்தான் வந்து நிற்கும். விற்கும்போது ஒரு டாலர், வாங்கும்போது வேறு டாலர். வரி என்று யாரும் பெயர் வைக்கவில்லை, ஆனால் இது ஏற்றுமதி வரிதான். 1950களின் விற்பனை வாரியம் செய்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு ரசீது கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

பிற்பாடு இந்த 65ஐப் படிப்படியாகக் குறைத்தார்கள். இந்தியாவோடு ரூபாய்–கியாட் நேரடிக் கணக்குக்கும் 2024இல் வழி செய்தார்கள்.

அரிசி விலைக்கு உச்சவரம்பு வைத்தால் ஏழைக்கு நல்லதுதானே?

காதில் கேட்க நன்றாக இருக்கும். 2024இல் நிர்ணய விலையைவிடக் கூடுதலாக விற்றதாக ஆலை முதலாளிகளையும் கடைக்காரர்களையும், பெரிய அங்காடி மேலாளர்களையும்கூடப் பிடித்து உள்ளே வைத்தார்கள். பலன்? நிர்ணய விலையில் கிடைத்த அரிசியில் நொய் கூடியது. நல்ல பவ்சான் அரிசி கடைத் தட்டிலிருந்து மறைந்து, தெரிந்தவர் கேட்டால் மட்டும் உள்ளேயிருந்து வந்தது. ஏழைக்கு உதவ வேண்டும் என்றால் ஏழை கையில் காசோ அரிசியோ கொடுக்கலாம். எல்லா மூட்டைக்கும் ஒரே விலை போட்டால், அந்த உதவியை அரசுக்குப் பதிலாக உழவன் கொடுத்ததாக ஆகிறது. அவனும் ஏழைதான் என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

இந்தியா அரிசி ஏற்றுமதியைத் தடை செய்தபோது பர்மாவுக்கு லாபம் வந்ததா?

2023 ஜூலையில் இந்தியா பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியை நிறுத்தியது, 2024 செப்டம்பரில் விட்டது. அந்த இடைவெளியில் உலக விலை ஏறியது; இங்கேயும் நெல் விலை ஏறியது. ஆனால் உரச் செலவும் கியாட் சரிவும் அதில் பெரும்பங்கைத் தின்றுவிட்டன. 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவை அறிவித்த பிறகு இளைஞர்கள் தாய்லாந்துப் பக்கம் போய்விட்டதால் நடவுக்கும் அறுப்புக்கும் ஆள் கூலி வேறு ஏறியது. விலை ஏறியும் பரப்பு கூடாத வருடங்கள் அவை.

நம் ஆட்கள் வயல் வைத்திருக்க சட்டத்தில் இடம் உண்டா?

2008 அரசியல் சட்டப்படி நிலமெல்லாம் அரசுக்கே. 2012 வேளாண் நிலச் சட்டம் வந்த பிறகு படிவம் 7 என்ற பயன்பாட்டுச் சான்றை வைத்து விற்கலாம், அடகு வைக்கலாம். நெல் வயலில் நிரந்தரமாக வேறு பயிருக்கு மாற வேண்டுமானால் அனுமதி வேண்டும்.

சிக்கல் குடியுரிமை. 1982 சட்டத்தால் நம் குடும்பங்களில் ஒருவருக்கு இளஞ்சிவப்பு அட்டை (முழுக் குடியுரிமை), இன்னொருவருக்குப் பச்சை (விண்ணப்பித்துப் பெற்ற குடியுரிமை), பெரியவருக்கு வெளிநாட்டவர் பதிவுச் சான்று என்று கலந்து கிடக்கிறது. வெளிநாட்டவர் சான்று உள்ளவர் பெயரில் படிவம் 7 கிடைக்காது. பல வீடுகளில் இளஞ்சிவப்பு அட்டை உள்ள மருமகன் பெயரிலோ தம்பி பெயரிலோ நிலம் இருக்கிறது. அப்படிச் செய்திருந்தால் குடும்பத்துக்குள் எழுத்தில் ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள். வாய்ச்சொல்லை நம்பி இருந்துவிட்டுப் பின்னால் அண்ணன் தம்பி பேசாமல் போன கதைகள் நம் ஊர்களில் ஏராளம்.

விவசாயக் கடன் கிடைக்கிறதா?

அரசு விவசாய வங்கி நெல்லுக்கு ஏக்கருக்கு 1,50,000 கியாட், 10 ஏக்கர் வரை என்று கொடுத்துவந்தது. வட்டி குறைவு. ஆனால் டாலர் 1,300 கியாட்டாக இருந்த காலத்தில் போட்ட தொகை அது. அந்தப் பணத்துக்கு இப்போது ஓரிரு மூட்டை உரம் வாங்கினால் பெரிய விஷயம். மீதிக்கு உள்ளூர்க் கடன், அல்லது விளைச்சலை முன்கூட்டியே பேசி வாங்கும் முன்பணம். பயறுக்கு அரசு வங்கி கொடுப்பது இதைவிடவும் குறைவு.

அப்படியானால் எதுதான் சரியான கொள்கை?

நான் அமைச்சர் இல்லை. ஆனாலும் கேட்டதால் சொல்கிறேன். ஒரே டாலர் விகிதம் வேண்டும், அது முதல் வேலை. நகரத்து ஏழைக்கு உதவுவதை வயலிலிருந்து வசூலிக்காமல் வரவுசெலவுத் திட்டத்திலிருந்து செய்ய வேண்டும். அரசு கையில் நியாயமான விலைக்கு வாங்கிய அரிசிக் கையிருப்பு இருந்தால், விலை ஏறும்போது ஏற்றுமதியை அடைக்காமல் கையிருப்பைச் சந்தையில் இறக்கலாம். உளுந்துக்கும் துவரைக்கும் இந்தியாவைத் தவிர இன்னொரு வழி வேண்டும். உடைத்துப் பருப்பாக்கி விற்கும் ஆலைகள் இங்கே பெருகினால் அது ஓரளவு சாத்தியம். இதெல்லாம் சண்டை ஓய்ந்து சாலைகள் திறந்தால்தான். பெகுவிலிருந்து ரங்கூனுக்கு லாரி வருவதற்குள் எத்தனை சோதனைச் சாவடி, ஒவ்வொன்றிலும் என்ன செலவு என்பதைக் கணக்கில் எடுக்காத கொள்கை எதுவாக இருந்தாலும் காகிதம்தான்.

எங்கள் மாமா இந்த வருடம் உளுந்து விதைக்கலாமா, நெல் இரண்டாம் போகம் போடலாமா என்று கேட்கிறார். என்ன சொல்ல?

விலையை யாராலும் சொல்ல முடியாது. மாமாவை மூன்று விஷயம் பார்க்கச் சொல்லுங்கள். நவம்பர் கடைசியில் வயலில் ஈரம் எப்படி இருக்கிறது என்பது ஒன்று. இரண்டாவது, இறவைக்கு டீசல் விலை. கோடை நெல்லுக்குத் தண்ணீர் இறைக்கும் செலவே பாதி லாபத்தைத் தின்றுவிடும் நிலையில் உளுந்துதான் பாதுகாப்பு. மூன்றாவது, டெல்லியின் இறக்குமதி அறிவிப்பு. அது பெரும்பாலும் மார்ச் 31 என்று கெடு வைத்து வரும். நம் உளுந்து அறுவடை பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் மாதங்களில். கெடு நீளுமா என்று தெரியாத வருடத்தில், களத்திலேயே பாதியை விற்றுவிட்டு மீதியை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மொத்தத்தையும் கடனுக்கு ஈடாக முன்கூட்டியே ஒரே வியாபாரியிடம் எழுதிக் கொடுக்க வேண்டாம், அந்த வியாபாரி எங்கள் கடையாகவே இருந்தாலும்.